கலக்காத வரை அது குப்பை இல்லை

(தென்சென்னைப் புறநகரில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சுற்றுச்சூழலைக் காக்க நாம் அன்றாடம் செய்யக்கூடியவை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஒரு நீண்ட பட்டியல் வாசிப்பார்கள். குழாயை மூடுங்கள், விளக்கை அணையுங்கள், மரம் நடுங்கள், சைக்கிளில் போங்கள் என்று ஐம்பது, அறுபது அறிவுரை. கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அறுபதில் ஒன்றுகூட ஒரு வாரம் தாங்காது. அதற்காகக் கேட்பவர்களைக் குறை சொல்லக் கூடாது. எல்லாமே முக்கியம் என்று சொன்னால், எதுவுமே முக்கியமில்லை என்றுதான் மனசு எடுத்துக்கொள்ளும்.

ஆகவே நான் பட்டியலுக்குப் பதிலாக ஓர் அளவுகோலோடு வந்திருக்கிறேன். எந்தக் காரியத்தை வீட்டுக்குள் செய்தால் சுலபமோ, வீட்டைவிட்டு வெளியே போன பிறகு எத்தனை கோடி கொட்டினாலும் முழுசாகச் செய்ய முடியாதோ, அந்தக் காரியத்தைத்தான் நாம் முதலில் பழக வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் முதலிடத்தில் வந்து நிற்பது ஒன்றே ஒன்று. குப்பையைக் கலக்காமல் வைப்பது. இன்று என் பேச்சில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முடிச்சுப் போட்ட ஒரு கவர்

காலையில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் இருக்கும் கவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு காதையும் இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கும். உள்ளே என்ன? நேற்றைய சாம்பாரின் மிச்சம், வெங்காயத் தோல், வாழைப்பழத் தோல், காபித்தூள் சக்கை. அதோடு இரண்டு பால் பாக்கெட், ஒரு மாத்திரை அட்டை, கூரியரில் வந்த அட்டைப்பெட்டி, உடைந்த கண்ணாடி டம்ளர், குழந்தையின் டயப்பர்.

இவை தனித்தனியாக இருந்தபோது ஒவ்வொன்றுக்கும் போக ஓர் இடம் இருந்தது. தோலும் சக்கையும் மண்ணுக்குப் போயிருக்கும். பால் பாக்கெட்டை அலசிக் காயவைத்திருந்தால் பழைய சாமான் கடையில் எடைக்கு எடுத்துக்கொண்டிருப்பார்கள். அட்டைப்பெட்டி காகித ஆலைக்குப் போயிருக்கும். சாம்பார் அதன்மேல் கொட்டிய நொடியில் அட்டையின் மதிப்பு போயிற்று. பிளாஸ்டிக்கில் அழுக்கு ஏறியது. தோலுக்குள் கண்ணாடித் துண்டு போனதால் அது உரத்துக்கும் ஆகாது. ஒவ்வொன்றும் ஒரு பொருளாக இருந்தது. கலந்த பிறகுதான் எல்லாம் சேர்ந்து குப்பை ஆயிற்று. அரிசியில் கிடக்கும் கல்லை உலையில் போடுமுன் பொறுக்கினால் ஐந்து நிமிட வேலை. சோறு வெந்த பிறகு யாரால் பொறுக்க முடியும்?

அந்தக் கவர் போகும் வழியையும் பார்ப்போம். பேட்டரி வண்டி, அங்கிருந்து பெரிய லாரி, அங்கிருந்து கிடங்கு. சென்னையில் நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பல பத்தாண்டுகளாக ஊரின் குப்பை போய்ச் சேர்ந்த இடங்கள் இந்த இரண்டும்தான். பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். நம் வட்டாரத்து மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டு, மெதுவாகக் கடலுக்கு அனுப்புகிற நிலம் அது. பூநாரையும் கூழைக்கடாவும் வருகிற இடம். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அதை அறிவித்தார்கள். அதே 2022-இல், ஏப்ரல் மாதக் கடைசியில், அந்தக் கிடங்கு பற்றி எரிந்து நாட்கணக்கில் புகைந்தது.

குப்பை மேடு ஏன் தானாகப் பற்றிக்கொள்கிறது? காய்கறித் தோலும் சோறும் காற்றோட்டமாக இருந்தால் சாதாரணமாக மக்கிவிடும். கவருக்குள் முடிச்சுப் போட்டு, அதன்மேல் இன்னும் நூறு லாரி குப்பையைக் கொட்டினால் உள்ளே காற்றுப் போகாது. காற்றில்லாத இடத்தில் அழுகும்போது வருவது மீத்தேன். எரியக்கூடிய வாயு. கரியமில வாயுவோடு ஒப்பிட்டால், இருபது ஆண்டுக் கணக்கில் பூமியைச் சூடாக்குவதில் ஏறக்குறைய எண்பது மடங்கு வலியது. அந்த மேட்டிலிருந்து வடிகிற கறுப்புச் சாறு நிலத்தடி நீருக்குப் போகிறது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு எரிந்தபோது பத்து நாளுக்கு மேல் ஊரே புகையில் கிடந்தது. 2024-இல் கோவை வெள்ளலூரிலும் தீப்பிடித்தது. ஊர்தான் வேறு, எரிந்தது எல்லா இடத்திலும் ஒரே மாதிரியான மேடு. ஈரமும் உலர்ந்ததும் ஒரே கவருக்குள் போய்க் குவிந்த மேடு.

பழைய மேட்டைக் கரைக்க இன்று பயோமைனிங் நடக்கிறது. தோண்டி, காயவைத்து, சல்லடையில் சலித்து, மண்ணையும் பிளாஸ்டிக்கையும் கல்லையும் பிரிக்கிறார்கள். பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் சேர்த்து நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் இதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு செலவு செய்தும் கிடைப்பது நல்ல உரமோ நல்ல பிளாஸ்டிக்கோ இல்லை. அடுக்களையில் ஒரு கை நகர்த்திப் போட்டால் முடிந்திருக்கும் வேலையை, முப்பது வருஷம் கழித்து இயந்திரம் வைத்து அரைகுறையாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஒரு தொட்டி, ஒரு பை, ஒரு டப்பா

எப்படிப் பிரிப்பது? 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. மக்குவது ஒரு பக்கம், மக்காதது ஒரு பக்கம், வீட்டில் சேரும் ஆபத்தான கழிவு தனி. அடுப்பங்கரைக்கு ஒரு மூடி போட்ட தொட்டி, அதற்குள் கவர் போடாதீர்கள். உலர்ந்தவற்றுக்குப் பின்கட்டிலோ பால்கனியிலோ ஒரு பெரிய பை. பால் பாக்கெட், எண்ணெய்ப் பாக்கெட், மாவுப் பாக்கெட்டை ஒரு தடவை அலசிக் கவிழ்த்துக் காயவைத்து அதில் போடுங்கள். பழைய பேட்டரி, பல்பு, காலாவதியான மருந்து, பூச்சி மருந்து டப்பா இவற்றுக்கு ஒரு பழைய டப்பாவை ஒதுக்குங்கள். அது நிறையப் பல மாதம் ஆகும்.

நாப்கினும் டயப்பரும் எங்கே போவது என்று தாய்மார்கள் கேட்கத் தயங்குவீர்கள். தயங்க வேண்டாம். பழைய செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறி போட்டு, தனியாகக் கையில் கொடுங்கள். கண்ணாடித் துண்டையும் ஊசியையும் அதேபோலத் தடித்த காகிதத்தில் சுற்றிச் சொல்லிக் கொடுங்கள்.

இந்தச் சிவப்புக் குறி யாருக்காக? காலை ஆறரை மணிக்கு நம் தெருவுக்கு வருகிற தூய்மைப் பணியாளருக்காக. முடிச்சுப் போட்ட கவரை அவர்தான் பிரிக்கிறார். பலர் வெறுங்கையோடு. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வைத்துவிட்டு வருகிற பொருளுக்குள் அவர் கையை விடுகிறார். உள்ளே உடைந்த டம்ளர் இருப்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. குப்பை பிரிப்பதைச் சுற்றுச்சூழல் பிரச்சினை என்று மட்டும் நினைக்காதீர்கள். நம் வீட்டு அழுக்கை இன்னொரு மனிதர் தன் கையால் துழாவ வேண்டியதில்லை என்கிற மரியாதையும் இதில் அடங்கியிருக்கிறது. நான் இன்று சொல்வதில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

மண்பானையில் என்ன நடக்கிறது

பிரித்த ஈரக் குப்பையை வண்டியில் கொடுத்தால் போதும், அதுவே பெரிய காரியம். இன்னும் ஒரு படி போக விரும்புகிறவர்கள் வீட்டிலேயே உரமாக்கலாம். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஈரக் கழிவு சேரும். இரண்டு மண்பானை போதும். பக்கவாட்டில் சில ஓட்டைகள், அடியில் ஒன்று, வாயை மூட ஒரு தட்டு.

அடியில் ஒரு கை உயரத்துக்குக் காய்ந்த இலைச் சருகோ தென்னை நார்க்கழிவோ பரப்புங்கள். அதன்மேல் அன்றன்றைய காய்கறிக் கழிவு. பெரிய துண்டுகளைச் சின்னதாக நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும். மேலே ஒரு பிடி சருகு. முதல் வாரம் இரண்டு கரண்டி புளித்த மோர் தெளித்தால் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும். வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு குச்சியால் கிளறிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். ஒரு பானை நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டாவது நிறைவதற்குள் முதல் பானையில் இருப்பது கறுத்து, உதிர்ந்து, புது மழையில் நனைந்த மண் வாசனை வரும். அந்த வாசனை வந்தால் உரம் ஆயிற்று என்று அர்த்தம். பெரும்பாலும் ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம்.

நாற்றம் வருகிறதே என்று பலர் நடுவில் விட்டுவிடுவார்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்றுக் குறைவு. ஒரு பிடியைக் கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் இன்னும் இரண்டு பிடி சருகு போட்டுக் கிளறுங்கள், மறுநாளே அடங்கும். சமைத்த சாதம், குழம்பு, எண்ணெய்ப் பண்டம் அதிகம் போனால்தான் தொல்லை. உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறதென்று அருவருப்புப்பட வேண்டாம். அவை கழிவைத் தின்று வேலையைச் சுலபமாக்குகின்றன, வீட்டுக்குள் வந்து யாரையும் கடிப்பதில்லை.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகம் இருந்தால் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தின் ஆலப்புழை நகரம் தன் குப்பையைப் பக்கத்துக் கிராமமான சர்வோதயபுரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. 2012-இல் அந்தக் கிராமத்து மக்கள் இனி ஒரு லாரிகூட உள்ளே வரக்கூடாது என்று மறித்துவிட்டார்கள். நகரத்துக்குக் கொட்ட இடமே இல்லை. வேறு வழியின்றி வீட்டுக்கு வீடு குழாய் உரத்தொட்டியும் சாண எரிவாயு போன்ற சிறு எரிவாயுக் கலனும் மானிய விலையில் கொடுத்தார்கள். வீட்டில் முடியாதவர்களுக்குத் தெருமுனையில் பொதுத் தொட்டி வைத்தார்கள். ஐந்தே ஆண்டில், 2017-இல், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு குப்பை மேலாண்மைக்கு முன்மாதிரியாகச் சுட்டிக்காட்டிய உலக நகரங்களில் ஒன்றாக ஆலப்புழை ஆனது.

சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வீடு வீடாகச் சென்று பிரித்த குப்பையை வாங்குகின்றன. மையங்களில் உட்கார்ந்து இன்னும் நுணுக்கமாகப் பிரித்து விற்கிறார்கள். ஊரின் பழைய கிடங்கு இன்று பூங்காவாக இருக்கிறது. அந்த முறைக்கு வழிகாட்டியவர் நம் வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசன் என்பது நமக்குப் பெருமை. குப்பையை ஈரம் காயாமல், கலக்காமல், அன்றன்றே கையாண்டால் அது வருமானம் தரும் என்பதை அவர் ஊர் ஊராகச் செய்து காட்டியிருக்கிறார். இந்த இரண்டு ஊரிலும் எந்த அதிசய இயந்திரமும் இல்லை. வீட்டில் பிரித்தார்கள், அவ்வளவுதான்.

தட்டில் மிஞ்சுவது

குப்பைத் தொட்டிக்கு முன்னால் இருக்கிற இடம் சாப்பாட்டுத் தட்டு. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் வீணான உணவு நூறு கோடி டன்னுக்கு மேல். அதில் அறுபது சதவீதம் வீடுகளில் வீணானது. ஓட்டலும் கல்யாண மண்டபமும்தான் வீணடிக்கின்றன என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கணக்கு நம் வீட்டைக் காட்டுகிறது.

ஒரு பிடி சோறு என்பது நெல் மட்டும் இல்லை. ஒரு கிலோ அரிசி விளைய ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் வயலில் நிற்கிறது. உரம், டீசல், அரவை, லாரி, கேஸ் என்று எல்லாம் சேர்ந்துதான் தட்டுக்கு வருகிறது. அதனால் நான் இரண்டு சின்ன வழக்கங்களைச் சொல்கிறேன். சந்தைக்குப் போகுமுன் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, இருக்கிறதைத் தீர்க்கும்படி அடுத்த இரண்டு நாள் சமையலை முடிவு செய்யுங்கள். இரண்டாவது, உலை வைக்குமுன் 'ராத்திரி யார் யார் சாப்பிடுவீர்கள்' என்று வீட்டில் கேட்டுவிடுங்கள். வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறவர் மாலையிலேயே ஒரு செய்தி அனுப்பினால் ஒரு ஆழாக்கு அரிசி மிஞ்சும்.

பை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. ஜவுளிக்கடையிலும் கல்யாணத் தாம்பூலத்திலும் வந்த அந்த மஞ்சள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது பட்டிக்காட்டுத்தனம் என்று ஒரு காலத்தில் நினைத்தோம். அந்த வெட்கம் போய்விட்டது, நல்லது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பருத்தி சும்மா விளைவதில்லை. தண்ணீர், மருந்து, நெசவு, சாயம் எல்லாம் அதில் இருக்கிறது. 2020-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு பருத்திப் பையை 50 முதல் 150 தடவை பயன்படுத்தினால்தான் ஒரு பிளாஸ்டிக் பையைவிடப் பருவநிலைக்கு நல்லது என்று தெரிந்தது. விழாவுக்கு விழா துணிப்பை வாங்கி அலமாரியில் அடுக்கினால் பயனில்லை. வீட்டில் இருக்கிற மூன்று பை போதும். அவற்றை வைக்கும் இடம்தான் முக்கியம். வண்டிச் சாவி மாட்டும் ஆணியிலேயே ஒரு பை தொங்கட்டும். பைக்கின் பெட்டிக்குள் ஒன்று, அலுவலகப் பைக்குள் மடித்து ஒன்று. துணி மாதிரியே தெரியும், தேய்த்தால் சரசரக்கும் 'நான் வூவன்' பையும் பிளாஸ்டிக்தான். தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் அதுவும் உண்டு. பார்சல் வாங்கப் போகும்போது அடுக்குச் சட்டியோ எவர்சில்வர் தூக்கோ எடுத்துப் போங்கள். சூடான சாம்பாரைக் கவரில் கட்டி வாங்குவது உடம்புக்கும் ஆகாது.

தண்ணீர்

2019 கோடையை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலில் ஏறக்குறைய 25 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. சென்னையின் ஒருநாள் தேவையில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒரு பெருநகரத்தின் தாகத்தைத் தீர்க்க முடியாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

நம் மொட்டை மாடியில் விழுகிற மழையை நம் மனைக்குள்ளேயே இறக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பை 2003-இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். அதற்கான குழாய் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்றுதான் பார்ப்பதில்லை. நான் கேட்கும் பழக்கம் ஆண்டுக்கு ஒரே ஒரு தடவை. ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம் அல்லவா, அதே வாரத்தில் மொட்டை மாடியைப் பெருக்குங்கள், குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுங்கள், வடிகுழியின் மேல் ஜல்லியையும் மணலையும் கிளறி அலசிப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை அதையடுத்து வந்துவிடும். சேறு படிந்து மூடிய குழி இருந்தும் இல்லாததுபோல.

தண்ணீரைப் பற்றி இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளில் ஏறக்குறைய 20 லிட்டரைக் கொட்டிவிடும். ஐந்து ரூபாய் வாஷர் அதை நிறுத்தும். ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. உங்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால், உப்பை நீக்குவதற்கென்று ஆர்.ஓ. தேவையில்லை. காய்ச்சி வடிகட்டினால் கிருமி போய்விடும். ஆர்.ஓ. வேண்டியிருக்கிறவர்கள் அந்தக் கழிவு நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள்.

மின்சாரம்

சாதாரண சீலிங் ஃபேன் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற மின்சிக்கன மோட்டார் பொருத்திய ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட் அளவில் வேலை செய்யும். நம் ஊர் வெயிலில் ஒரு ஃபேன் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது ஓடுகிறது. கணக்குப் போட்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு ஃபேனில் மட்டும் முப்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஓடுகிற ஃபேனைக் கழற்றி எறிய வேண்டாம். அடுத்த தடவை காயில் போனால், சுற்றக் கொடுக்குமுன் யோசியுங்கள். ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறக்குறைய ஆறு சதவீதம் மின்சாரம் குறையும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, ஏனென்றால் பெரும்பகுதி நிலக்கரியில் வருகிறது. அந்த நிலக்கரியின் சாம்பல் எங்கே போகிறது என்று எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களைக் கேளுங்கள். இறாலும் நண்டும் பிடித்த இடத்தில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த கதையை அவர்கள் சொல்வார்கள். நாம் ஆளில்லாத அறையில் ஓடவிட்ட ஃபேனுக்கு விலை கொடுப்பவர் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்.

இது யார் வேலை?

இப்போது கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இதுவரை சொன்ன வேலைகளை மறுபடி எண்ணிப் பாருங்கள். பிரிப்பது, அலசுவது, பானை கிளறுவது, மிச்சத்தைத் திட்டமிடுவது. நாம் கவனிக்காமல் விட்டால் அத்தனையும் வீட்டில் ஒருவர் தலையில்தான் போய் விழும். ஏற்கெனவே சமைத்து, துவைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, வேலைக்கும் போய்வருகிற பெண்ணின் தலையில். அப்படி ஏற்றிவைத்த பழக்கம் நிலைக்காது, நிலைப்பது நியாயமும் இல்லை.

ஆகவே இந்த வேலைகளைப் பெயர் சொல்லிப் பங்கிடுங்கள். காலையில் தொட்டியையும் பையையும் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது அப்பாவின் வேலை. பால் பாக்கெட் அலசிக் காயப்போடுவது பையனின் வேலை. சருகு சேர்த்துப் பானை கிளறுவது ஓய்வு பெற்ற தாத்தாவின் வேலை. யார் செய்வது என்று தெரிந்துவிட்டால், எங்கே செய்வது என்ற இடமும் அமைந்துவிட்டால், பழக்கத்துக்கு மன உறுதி தேவைப்படாது. தினமும் மனசைத் தயார் செய்துகொண்டு யாரும் பல் தேய்ப்பதில்லை.

இன்னொரு கேள்வியை நீங்கள் கேட்பீர்கள். தொழிற்சாலைகள் கொட்டுகிற அளவுக்கு முன்னால் என் ஒரு வாளி எம்மாத்திரம்? நியாயமான கேள்வி. நாம் குப்பை பிரிப்பதால் அனல்மின் நிலையத்தின் சாம்பலோ, கம்பெனிகள் சந்தையில் இறக்கும் பாக்கெட்டுகளின் எண்ணிக்கையோ குறைந்துவிடாது. அவற்றுக்குச் சட்டமும் கண்காணிப்பும் போராட்டமும் வேண்டும். ஆனால் அந்தச் சட்டங்கள் உயிர்பெறுவது நம் வாசலில். உரக்கூடம் கட்டினாலும் அதற்குக் கலக்காத ஈரக் குப்பை போனால்தான் ஓடும். தன் குப்பையை ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கிற தெருவுக்குத்தான், 'நாங்கள் பிரித்துக் கொடுத்ததை ஏன் ஒரே லாரியில் கொட்டிக் கலக்கிறீர்கள்' என்று மாநகராட்சியை நிமிர்ந்து கேட்கும் தகுதி வரும். அந்தக் கேள்வியைச் சங்கத்தின் பெயரில் எழுத்தாகக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். வீட்டுப் பழக்கமும் பொதுக் கோரிக்கையும் சேர்ந்து போனால்தான் ஊர் மாறும்.

இந்தச் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, தெருவுக்கு ஒரு சருகுத் தொட்டி வையுங்கள். பெருக்கிய இலையைக் கொளுத்தாமல் அதில் சேர்த்தால் உரம் போடுகிற வீடுகளுக்குச் சருகுப் பஞ்சம் வராது. இரண்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பேட்டரி, பல்பு, மின்சாதனக் கழிவை ஒரே இடத்தில் வாங்கி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள். மூன்று, நம் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர்களை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். எந்த வீட்டில் எப்படிக் குப்பை வருகிறது, அவர்களுக்கு என்ன தொல்லை என்பதை அவர்கள் வாயால் கேட்போம். என்னைவிட அவர்கள் நன்றாகப் பேசுவார்கள்.

வீடுகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நான் சொன்ன எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்காதீர்கள். மற்றவை மெல்ல வரட்டும். நாளைக் காலை அடுப்பங்கரையில் இரண்டாவது தொட்டி ஒன்றை வையுங்கள். புதிதாக வாங்க வேண்டாம், பழைய பெயிண்ட் வாளி போதும். அதில் ஈரத்தை மட்டும் போடுங்கள், வண்டி வரும்போது தனியாகக் கொடுங்கள். இந்தப் பழக்கம் வீட்டில் ஊன்றிய பிறகு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம்.